புலித் தைலப் பூங்காவில் ஒரு நாள்



வெளிநாட்டில் ஒரு மாநாட்டிற்குச் சென்று திரும்புகிறவர்களிடம் ஊரார் முதலில் கேட்பது, "மாநாட்டில் என்ன பேசினீர்கள்?" என்பதன்று. "அங்கே என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மாநாட்டில் பேசியவை ஒருநாள் அச்சாகி வந்துவிடும். கண்ட காட்சிகளை, கண்டவர்கள்தாமே சொல்ல வேண்டும்? ஆகவே, மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் ஜொகூர் பாரு நகருக்கு ஓர் ஆசிரியர் மாநாட்டின் பொருட்டுச் சென்றிருந்த நாங்கள், மாநாடு முடிந்த மறுநாள் கண்டு வந்த ஒரு பழைய கேளிக்கைப் பூங்காவைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் நாங்கள் ஐவர். மாநாட்டின் கடைசி அமர்வில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. குழந்தைகளுக்கு நல்லொழுக்கம் கற்பிப்பதில் அச்சத்துக்கு இடம் உண்டா, இல்லையா என்பது கேள்வி. எங்களுள் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த தலைமையாசிரியை ஒருவர், "சிறிதளவு பயம் இல்லாமல் ஒழுக்கம் இல்லை, உணவுக்கு உப்புப் போல அது வேண்டும்" என்று உறுதியாகச் சொன்னார். வேறு சிலர் மறுத்தார்கள். நேரம் முடிந்துவிட்டதே தவிர வாதம் முடியவில்லை. அப்போது எங்களை உபசரித்துவந்த ஜொகூர்ப் பேராளர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுந்து வந்து, "நாளை உங்களுக்கு ஓய்வுநாள்தானே? என்னோடு வாருங்கள். இந்தக் கேள்விக்கென்றே கட்டியதுபோல ஓர் இடம் இருக்கிறது" என்றார்.

அவர் குறிப்பிட்ட இடம் ஜொகூர் பாருவில் இல்லை. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில் இருக்கிறது. ஆனால், ஜொகூர்க்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ப் பூங்கா போலவே பேசுகிறார்கள். அதற்குக் காரணம் அந்தக் கடற்பாலம்.

ஜொகூர் பாரு 1855-ஆம் ஆண்டில் தஞ்சோங் புத்திரி என்ற பெயரோடு தொடங்கிய ஊர். 1866-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இந்த ஊரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டது. பாலம் என்று சொல்கிறோமே தவிர, தூண்களின்மேல் நிற்கும் பாலமன்று அது. கருங்கற்களைக் கடலில் கொட்டி எழுப்பிய கரை. நீளம் 1,056 மீட்டர். அதன் மேல் இருப்புப்பாதையும் சாலையும் செல்கின்றன. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் பெருங்குழாய்களும் உண்டு. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், ஜப்பானியப் படைக்கு முன் பின்வாங்கிய பிரிட்டிஷார் இதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானியர் சில நாட்களிலேயே சிங்கப்பூருக்குள் நுழைந்துவிட்டார்கள். கரை பிறகு செப்பனிடப்பட்டது.

காலை ஆறு மணிக்கெல்லாம் நாங்கள் ஜொகூர்ச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றோம். நம் பெரியவரோடு அவருடைய பத்து வயதுப் பேத்தியும் வந்திருந்தாள். உலகத்தின் மிக நெரிசலான எல்லைவாயில்களுள் இது ஒன்று. ஜொகூரில் குடியிருந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்து, மாலையில் வீடு திரும்பும் மக்கள் நாள்தோறும் பெருங்கூட்டமாகக் கடக்கிறார்கள். "நான் சிறுவனாக இருந்தபோது இதெல்லாம் இல்லை, ஐயா. கடப்பிதழ்ச் சோதனை 1967-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் அக்கரைக்குப் போவது பக்கத்து ஊருக்குப் போவது மாதிரி" என்றார் பெரியவர்.

170-ஆம் எண் பேருந்தில் சிங்கப்பூரின் குவீன் ஸ்திரீட்டில் இறங்கி, சிராங்கூன் சாலை வழியாக நடந்தோம். பூங்காவுக்குப் போகுமுன் இன்னொன்றைக் காட்ட வேண்டும் என்றார் அவர். கிச்சனர் சாலையருகே, பெரிய கடைத்தொகுதி ஒன்றின் முன்னால் இருக்கும் சிறிய பசும்புல்வெளியில், தன்னந்தனியாக ஒரு பழைய வாயில் நிற்கிறது. உள்ளே போவதற்கு ஒன்றுமில்லாத வாயில். 1923-ஆம் ஆண்டில் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹாக் என்னும் சகோதரர்கள் இங்கே தொடங்கிய "நியூ வோர்ல்ட்" கேளிக்கைப் பூங்காவின் நினைவாக அதை வைத்திருக்கிறார்கள்.

தொலைக்காட்சி வருவதற்கு முன்னர், உழைத்துக் களைத்த மக்களின் மாலைப்பொழுது இத்தகைய பூங்காக்களில்தான் கழிந்தது. சிங்கப்பூரில் மூன்று "உலகங்கள்" இருந்தன: நியூ வோர்ல்ட், 1930-களில் தோன்றிய கிரேட் வோர்ல்ட், கேலாங் பகுதியிலிருந்த ஹேப்பி வோர்ல்ட். சில காசுகள் கொடுத்தால் உள்ளே நுழையலாம். ஒரு பக்கம் சீனத் தெருக்கூத்து. மறுபக்கம் பங்சாவான் என்னும் மலாய் இசைநாடகம். இன்னொரு பக்கம் திரைப்படம், குத்துச்சண்டை, மல்யுத்தம், இராட்டினம், நடனக்கூடம். நம் ஊர்த் திருவிழாக் கடைவீதி ஆண்டு முழுவதும் நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிற்காலத்தில் இந்தியாவெங்கும் புகழ்பெற்ற மல்லர் தாராசிங், 1947-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது பயிற்சி பெற்றது கிரேட் வோர்ல்ட் அரங்கில்தான்.

கிரேட் வோர்ல்ட் 1960-களில் மூடப்பட்டது. நியூ வோர்ல்ட் 1987-இல் மூடியது. ஹேப்பி வோர்ல்ட், "கே வோர்ல்ட்" என்று பெயர் மாறி, 2000-ஆம் ஆண்டையொட்டி மறைந்தது. நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. வீட்டிலேயே தொலைக்காட்சி வந்தது. மக்களின் மாலைப்பொழுது வேறு திசைக்குப் போயிற்று. மூன்று உலகங்களும் போய், ஒரு வாயில் மிஞ்சியது. அந்தக் காலத்துப் பொது மகிழ்விடங்களில் இன்றும் உயிரோடு இருப்பது, நாங்கள் காணச் சென்ற நான்காவது ஒன்றுதான்.

ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயிலேறி, ஹார்பர்ஃபிரண்டில் மாறி, பாசிர் பாஞ்சாங் கடற்கரைச் சாலைப் பக்கம் சென்றோம். ரயில்நிலையத்தின் பெயரே "ஹாவ் பார் வில்லா". வெளியே வந்து சில அடிகள் நடந்தால் பூங்காவின் சீன முகப்பு தெரிகிறது. பழைய மக்கள் இதற்கு இட்ட பெயர் "டைகர் பாம் கார்டன்". அதாவது, புலித் தைலப் பூங்கா.

தைலத்துக்கும் பூங்காவுக்கும் என்ன தொடர்பு? நேயர்களே, நம் வீட்டு அலமாரிகளில் ஓரமாய்க் கிடக்கும் சிறிய கண்ணாடிக் குப்பியை, பாய்கின்ற புலிப்படம் போட்டதை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கற்பூரம், மெந்தால், புதினா எண்ணெய், கிராம்பு எண்ணெய் முதலியவை சேர்ந்த தைலம் அது. அதன் பிறப்பிடம் சிங்கப்பூரன்று. பர்மாவின் தலைநகராயிருந்த ரங்கூன். சீனாவின் ஃபூச்சியான் மாநிலத்திலிருந்து வந்த ஆவ் சூ கின் என்னும் மருத்துவர் 1870-களில் ரங்கூனில் "எங் ஆன் தோங்" என்ற மருந்துக்கடையை வைத்தார். அதே ரங்கூனில் அந்நாட்களில் நம் செட்டிநாட்டு வட்டிக்கடைகளும், தமிழ்த் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்திருந்தார்கள் என்பதை நாம் அறிவோம். 1908-இல் தந்தை இறந்தபின், மக்கள் இருவர் கடையை ஏற்றார்கள். மூத்தவர் ஆவ் பூன் ஹாவ். இளையவர் ஆவ் பூன் பார். ஹாவ் என்றால் புலி. பார் என்றால் சிறுத்தை. பெயரில் இருந்த புலியே குப்பியின் மேல் ஏறியது.

இளையவர் மருந்து செய்வதில் வல்லவர். மூத்தவர் அதை விற்பதில் வல்லவர். 1920-களில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார் பூன் ஹாவ். காரின் முகப்பில் புலித்தலையைப் பொருத்தி ஊரூராகச் சென்றார். 1929-இல் "சின் சியூ" என்னும் சீன நாளிதழைத் தொடங்கினார்; செய்தியோடு தைல விளம்பரமும் வீடுதோறும் சென்றது. 1937-இல் தம் தம்பிக்கென்று கடலைப் பார்த்த இந்தக் குன்றின்மேல் ஒரு மாளிகை கட்டினார். ஹோ குவோங் யூ என்ற கட்டடக் கலைஞர் வரைந்த, குவிமாடங்கள் கொண்ட மாளிகை. அதைச் சுற்றித் தோட்டம் அமைத்து, சீனப் புராணக் கதைகளைச் சிலைகளாக வடித்து, பொதுமக்கள் கட்டணமின்றிப் பார்க்கும்படி திறந்துவிட்டார். பார்த்தவர் கதையையும் நினைப்பார், தைலத்தையும் நினைப்பார் என்பது கணக்கு. ஆயினும், கணக்கு மட்டுமே என்று சொல்லிவிடவும் முடியாது. தம் இனத்துப் பிள்ளைகள் பிறந்த மண்ணை விட்டு வந்த இடத்தில் பழைய அறநெறிகளை மறந்துவிடக் கூடாது என்ற கவலையும் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

போர் வந்தது. ஆவ் பூன் பார் ரங்கூனுக்குச் சென்று 1944-இல் அங்கேயே காலமானார். சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், கப்பல் நடமாட்டத்தைக் கவனிக்க இந்தக் குன்றைப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து திரும்பி வந்த அண்ணன், பாழான மாளிகையை இடிக்கச் செய்தார். தோட்டத்தை மட்டும் விரிவாக்கினார். தந்தைக்கும் தாய்க்கும் தம்பிக்கும் நினைவுத்தூண்கள் எழுப்பினார். 1954-இல் அவரும் மறைந்தார். ஆகவே நாம் இன்று காண்பது, தம்பி வாழாத ஒரு தம்பியின் தோட்டம்.

உள்ளே நுழைந்ததும் கண்கள் கூசும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று அடித்துப் பூசிய வண்ணங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள். நூற்றைம்பதளவில் கதைக் காட்சிகள். கம்பிக் கூட்டின்மேல் சிமெண்டு பூசி, வண்ணம் தீட்டியவை. நம் கோயில் கோபுரங்களில் சுதைச் சிற்பங்களைக் காண்கிறோமே, அவற்றின் சீன உறவினர்கள் என்று சொல்லலாம். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நாட்டில் இவற்றுக்கு ஓயாமல் வண்ணம் பூச வேண்டியிருக்கிறது. சிறுவனாக வந்து வேலைக்குச் சேர்ந்து, முதுமை வரை இந்தச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டியே வாழ்நாளைக் கழித்த கைவினைஞரும் இங்கே உண்டு.

எட்டு அமரர்கள் கடலைக் கடக்கிறார்கள். வெள்ளைப் பாம்புப் பெண்ணின் கதை நடக்கிறது. ஓரிடத்தில், பல்லில்லாத மாமியார்க்கு மருமகள் தன் பாலையே ஊட்டும் காட்சி. பெரியோரைப் பேணுதல் பற்றிய பழைய சீனக் கதை அது. எங்களுள் சிலர் கூச்சத்தோடு முகம் திருப்ப, சிறுமி மட்டும் நின்று பார்த்து, "தாத்தா, அந்தக் குழந்தை அழுகிறதே, அதற்குப் பால் யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். பெரியவர்கள் எவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

சற்று மேலே, வெள்ளைக் குதிரையோடு ஒரு துறவி. அவருக்குத் துணையாகக் குரங்கு, பன்றிமுகன், இன்னொரு சீடன். 16-ஆம் நூற்றாண்டுச் சீனப் புதினமான "மேற்கு நோக்கிய பயணம்" என்னும் கதையின் மாந்தர்கள். அந்தத் துறவி யார் தெரியுமா? நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங்தான். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவெங்கும் சுற்றிய அவர், ஏறத்தாழ 640-இல், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், காஞ்சிபுரத்தை அடைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் அங்கே இருந்தன என்று எழுதிவைத்தார். காஞ்சித் தலைமையாசிரியை அந்தச் சிலையின் முன் சிறிது நேரம் நின்றார். "எங்கள் ஊர் விருந்தாளியை இங்கே பார்த்துவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

இனி, பெரியவர் எங்களை அழைத்து வந்ததன் காரணத்துக்கு வருவோம். இந்தப் பூங்காவில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது "நரகத்தின் பத்து மன்றங்கள்" என்ற பகுதியை. 2021-ஆம் ஆண்டு முதல் அது ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் பகுதியாகத் தனிக் கட்டணத்தோடு இருக்கிறது. பூங்காவின் மற்றப் பகுதிகளைக் கட்டணமின்றியே பார்க்கலாம்.

வாயிலில் எருமைத்தலையனும் குதிரைமுகனும் காவல் நிற்கிறார்கள். உள்ளே இருள். ஒவ்வொரு மன்றத்துக்கும் ஓர் அரசன், அவன்முன் குற்றவாளிகள், எதிரே தண்டனை. முதல் மன்றத்தில் கணக்குப் பார்க்கப்படுகிறது. நல்லவர்கள் பாலம் கடந்து நற்கதிக்குப் போகிறார்கள். மற்றவர்கள் அடுத்தடுத்த மன்றங்களுக்குப் போகிறார்கள். இலஞ்சம் வாங்கியவரும் சூதாடியவரும் பனிக்கட்டிக்குள் உறைகிறார்கள். அடாத வட்டி வாங்கியவர்கள் கத்திமலையில் எறியப்படுகிறார்கள். உணவை வீணாக்கியவர்களும் நூல்களைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் இரண்டாக அறுபடுகிறார்கள். தேர்வில் ஏமாற்றி எழுதியவர்களின் குடல் உருவப்படுகிறது. இதைப் படித்ததும் ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் ஒருமுறை கலங்கியது. பத்தாம் மன்றத்தில் மறதித் தேநீர் அருந்தி, பிறவிச் சக்கரத்தில் ஏறி, ஆன்மா மறுபடியும் பிறக்கப் போகிறது.

ஐந்தாம் மன்றத்து அரசனின் பெயர் யென்லுவோ. யமராஜன் என்னும் நம் பெயரே பௌத்தத்தோடு சீனம் சென்று அப்படித் திரிந்தது. ஆதியில் முதல் மன்றத்தில் இருந்த அவர், அநியாயமாக இறந்தவர்களிடம் இரக்கம் காட்டியதால் ஐந்தாம் மன்றத்துக்கு மாற்றப்பட்டார் என்று சீனர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். எமனுக்கும் பணிமாற்றம்! கருடபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு எண்ணெய்க் கொப்பரை புதிதன்று. ஏழாம் மன்றத்தில் அந்தக் கொப்பரையும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஏழாம் மன்றத்தின் முன்னால்தான் பெரியவர் நின்றார். அங்கே ஒருவனைக் கட்டிவைத்து நாக்கைப் பிடுங்கும் காட்சி. "நான் சொல்ல வந்தது இதைத்தான்" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை, இயன்றவரை அவருடைய சொற்களிலேயே தருகிறோம்.

"நான் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். 1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மா மரம் சீவுவார். மத்தியானம் ஒட்டுப்பாலை நிறுவைக்குக் கொண்டுபோவார். நானும் பின்னால் போவேன். அப்போதுதான் எண் வாசிக்கக் கற்றிருந்தேன்; எங்கே எண்ணைக் கண்டாலும் வாசிப்பேன். ஒருநாள் தராசு பதினெட்டு ராத்தல் காட்டியது. நிறுத்துக்கொண்டிருந்த கிராணி, புத்தகத்தில் பதினைந்து என்று எழுதினார். மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும். எங்கள் வாத்தியாரிடம் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன்.

"அந்த வாரம் சீனப் பெருநாள் விடுமுறை. தோட்டத்துப் பிள்ளைகளை லாரியில் ஏற்றி இங்கே அழைத்து வந்தார்கள். அழைத்து வந்தவர் அதே கிராணிதான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கெல்லாம் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். இந்த இடத்துக்கு வந்ததும், 'பார்த்தீர்களா, பெரியவர்களைப் பற்றிக் கோள் சொன்னால் நாக்கை இப்படித்தான் பிடுங்குவார்கள்' என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு மூன்று நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு நான் அதைப்பற்றி வாய் திறக்கவே இல்லை. வாத்தியாரிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. அந்தக் கிராணி வேறு தோட்டத்துக்கு மாறிப்போகும்வரை, மூன்று ஆண்டுகள், என் அம்மாவின் பால் குறைந்துகொண்டே இருந்தது.

"பிறகு நானும் ஆசிரியரானேன். 1990-களில் என் மாணவர்களை இங்கே அழைத்து வந்தேன். அப்போது எனக்குப் பலகைகளைப் படிக்கத் தெரியும். படித்துக்கொண்டே வந்தவன், நான்காம் மன்றத்தில் நின்றுவிட்டேன். வணிகத்தில் ஏமாற்றுகிறவர்களையும் வரி கட்டாதவர்களையும் கல்லுலக்கையால் இடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அதற்குள் எடைத்திருட்டும் அடங்கும் அல்லவா? எனக்கு ஏழாம் மன்றத்தைக் காட்டினார்கள், அம்மா. நான்காம் மன்றத்தைக் காட்டவில்லை. அதுதான் என் குறை. பயம் நல்லதா கெட்டதா என்று நேற்று பேசினோம். பயத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதல்லவா முதல் கேள்வி?"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இருட்டுக்குள் வேறு சில பயணிகள் சிரித்தபடி புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நீங்கள் சொன்னது கோள் இல்லையே? கணக்கு தப்பு என்றுதானே சொல்லப் போனீர்கள்?" என்றாள். ஒன்பது வயதில் அவரிடம் யாரேனும் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து வந்தது.

காஞ்சித் தலைமையாசிரியைதான் முதலில் பேசினார். "எங்கள் ஊரில் சித்திரகுப்தனுக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் கையில் ஆயுதம் கிடையாது. ஒரு கையில் எழுத்தாணி. ஒரு கையில் ஏடு. எமதருமன் தண்டிப்பதற்கு முன்னால் இவர் சரியாக எழுதியிருக்க வேண்டும். பதினெட்டைப் பதினைந்து என்று எழுதுகிற கணக்கன் இருக்குமிடத்தில் எமனால் என்ன பயன்? நான் பிள்ளைகளுக்கு எமனைக் காட்டியே முப்பது ஆண்டுகள் கழித்துவிட்டேன்" என்றார். முன்தினம் அவரோடு வாதாடியவர்கள்கூட வெற்றி பெற்றதாக நினைக்கவில்லை. நாங்கள் எல்லாருமே ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு நாள், "வாயை மூடு" என்று சொன்னவர்கள்தாம். அந்தக் குழந்தை என்ன சொல்ல வந்தது என்று எங்களுக்கு இன்று நினைவில்லை.

நேயர்களே, இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வள்ளுவப் பெருந்தகை புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி மற்றதை விட்டுவிட்டால், அறத்தின் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். பாதி அறம் சில வேளைகளில் அநியாயத்துக்குத் துணையாகிவிடுகிறது. கோள் சொல்வது வேறு. கண்ட குற்றத்தை உரியவரிடம் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டைச் சிலை தானாகச் சொல்லாது. பக்கத்தில் நின்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். படம் அச்சத்தை மட்டும் தரும். விளக்கம்தான் அறிவைத் தரும்.

பூங்காவின் பிற்கால வரலாறும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1980-களில் பூங்காவின் பொறுப்பு அரசின் சுற்றுலாத் துறையிடம் வந்தது. 80 மில்லியன் வெள்ளிச் செலவில் புதுப்பித்து, 1990-இல் "டிராகன் வோர்ல்ட்" என்ற பெயரில் திறந்தார்கள். படகுச் சவாரியும் இயந்திரக் காட்சிகளும் வந்தன; பத்து மன்றங்கள் ஒரு நீண்ட டிராகனின் வயிற்றுக்குள் போயின; நுழைவுக்கும் கட்டணம் வந்தது. முதலில் கூட்டம் வந்தது, பிறகு குறைந்தது, நட்டம் ஏற்பட்டது. 2001-இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, மறுபடியும் கட்டணமின்றித் திறந்துவிட்டார்கள். மக்கள் இங்கே தேடி வந்தது சவாரியை அன்று என்பது அப்போது விளங்கியது. தாத்தா பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டு நடப்பதற்குத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். இப்போதைய அருங்காட்சியகத்தில், மரணத்தையும் மறுமையையும் பல நாட்டு மக்கள் எவ்வாறு எண்ணினார்கள் என்ற விளக்கங்களை முதலில் படித்துவிட்டுத்தான் பத்து மன்றங்களுக்குள் போகிறோம். காட்சிக்கு முன் விளக்கம் என்ற இந்த வரிசை எங்களுக்குப் பிடித்திருந்தது.

ஆவ் பூன் ஹாவ் இதே போன்ற தோட்டம் ஒன்றை ஹாங்காங்கிலும் அமைத்திருந்தார். அது 2004-இல் இடிக்கப்பட்டது. மாளிகை மட்டும் நிற்கிறது. சிங்கப்பூரின் மூன்று உலகங்களும் போய்விட்டன. அந்த வரிசையில் இந்தத் தோட்டம் தப்பியிருப்பது சிறிய காரியமன்று. இடம் இருந்ததால்தான் ஒரு முதியவர் அதே காட்சியின் முன் திரும்ப வந்து நின்று, சிறுவயதில் தவறாகப் படித்த பாடத்தைத் திருத்திப் படிக்க முடிந்தது. பழைய இடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும்போது கட்டடக்கலையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். இந்தப் பயனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாலையில் கடற்பாலத்தின் வழியாகத் திரும்பினோம். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம். பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. எதிரே ஜொகூர் பாருவின் விளக்குகள் நீரிணையில் விழுந்து கிடந்தன. சிறுமி தாத்தாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். "ஐயா, வகுப்பில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். அவர் சற்று யோசித்தார். "பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு பிள்ளை இன்னொருவரைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தால், உட்காரவைத்து முழுவதையும் கேட்பேன். கோளாக இருந்தால் அது கோள் என்று சொல்லி அனுப்புவேன். பத்தில் ஒன்பது கோள்தான். பத்தாவதற்காகத்தான் அந்த ஒன்பதையும் கேட்டேன்" என்றார்.

நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் அந்தப் பத்தாவது பிள்ளை ஏதோ சொல்ல வந்து நின்றுகொண்டிருக்கும். அதன் பேச்சைக் கேட்க நாம் ஒரு நிமிடம் ஒதுக்குவோமாக.